டிராக்டரில் பியூஸ் நிற்கவில்லையா? கம்பி சுற்றாதீர்கள்!

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரச் சாலைகளில் இரவிலும் டிராக்டர்கள் ஓடுகின்றன. நெல்லிக்குப்பத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் பாரம் கொண்டு போகும் டிரெய்லர்களில் எத்தனைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்த்தால் கவலையாகத்தான் இருக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இருட்டில் நிற்கும் கரும்புப் பாரம் கிட்டே வரும்வரை கண்ணில் படாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. விளக்கு எரியாததற்குக் காரணமோ, பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸ், அல்லது துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பு.

உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த சாரத்தில் இன்று வயலைத் தேடத்தான் வேண்டும். நகராட்சியின் பெயரில் மட்டும் உழவர் இருக்கிறார். நிலங்கள் வீட்டு மனைகளாகி நெடுநாள் ஆயிற்று. ஆனாலும் உதிரிபாகம் வாங்கவும் ஒயரிங் வேலை பார்க்கவும் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் இந்தப் பக்கம் வரவேண்டியிருக்கிறது. "தம்பி, பியூஸ் நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பெருசா ஒண்ணு கொடு" என்று கேட்பது வழக்கம். தொழில் தெரிந்த பட்டறைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். "பியூஸ் கெடக்கட்டும் அண்ணே, புதுசா என்ன மாட்டினீங்க?" என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டதல்ல. ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. ஒயர் தாங்கக்கூடியதற்கு மேல் மின்சாரம் ஓடினால், ஒயர் சூடேறுமுன் பியூஸ் உருகி வழியை அடைத்துவிடும். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றினாலும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை மடித்து வைத்தாலும், அடுத்து உருகப்போவது ஒயரே. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் டிராக்டர் பாட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். பக்கத்தில் டீசல் டாங்க், பின்னால் வைக்கோல் பாரம். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு ஆம்பியர்?

கணக்கு எளிது. பல்பின் வாட்டை 12-ஆல் வகுக்க வேண்டும். 55 வாட் முன்விளக்கு இரண்டு என்றால் 110 வாட். ஏறக்குறைய 9 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் தாராளம். டிரெய்லரின் 5 வாட் பின்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 1 ஆம்பியர்கூட இழுப்பதில்லை. 21 வாட் பிரேக் விளக்குகள் இரண்டு மூன்றரை ஆம்பியர்தான். ஆகவே பின்விளக்கு வரிசையில் 10 ஆம்பியர் பியூஸ் போகிறதென்றால், பல்ப் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கோ ஒயர் தோலுரிந்து இரும்பில் படுகிறது. மாறாக, இரவு உழவுக்காக 100 வாட் விளக்கு இரண்டை முன்விளக்கு ஒயரிலேயே முடிச்சுப் போட்டிருந்தால் கூடுதலாக 17 ஆம்பியர் ஏறுகிறது. அதற்குப் பெரிய பியூஸ் மருந்தல்ல. தடித்த ஒயர், ரிலே, தனிப் பியூஸ் வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும்.

புதிய வண்டிகளில் உள்ள தட்டைப் பியூஸ்களை நிறத்தாலேயே அறியலாம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். நீலம் இருந்த இடத்தில் நீலமே போட வேண்டும்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு பல்ப் போதும்

புதுப் பியூஸை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எரிப்பது வீண் செலவு. பழைய 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சேர்த்து, உருகிய பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளுக்கும் நடுவே பல்பை இணைத்து, பின்விளக்கு சுவிட்சைப் போட வேண்டும். லைன் சரியாக இருந்தால் பல்ப் மங்கலாக மினுக்கும். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். ஒயருக்கும் ஆபத்தில்லை, பல்ப் தாங்கிக்கொள்ளும்.

இப்போது முதல் காரியமாக டிரெய்லர் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பல்ப் அணைந்தாலோ மங்கினாலோ கோளாறு டிரெய்லரில். பாதி வேலை முடிந்தது. அப்படியே எரிந்தால் டிராக்டரில். பிறகு ஒயரை முழம் முழமாக அசைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் வெளிச்சம் மாறுகிறதோ அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சேசிஸ் விளிம்பில் ஒயர் உராயும் இடம், கொக்கி அருகில் தொங்கித் தரையில் தேயும் இடம், பல்ப் ஹோல்டர் ஆகியவை வழக்கமான இடங்கள். கொட்டகையில் பல நாள் நின்ற வண்டியானால் எலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் கூடு கட்டி ஒயர் தோலைக் கடித்துவிடும். இந்த வேலையில் எலிக்கு ஈடு எலிதான்.

பியூஸ் நன்றாக இருந்தும் எரியவில்லையா?

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது, ஒரு பக்கத்து இண்டிகேட்டர் போட்டால் மறுபக்கமும் மினுக்குகிறது என்றால் எர்த் சரியில்லை. பல டிரெய்லர்களில் எர்த்துக்குத் தனி ஒயரே இருப்பதில்லை. கொக்கி வழியாகத்தான் மின்சாரம் திரும்ப வேண்டும். அங்கே சேறும் துருவும் கிரீஸும் இருந்தால் எப்படித் திரும்பும்? பிளக்கில் எர்த் முனைக்குத் தனி ஒயர் கொடுத்து, டிரெய்லர் இரும்பைப் பெயிண்ட் போகச் சுரண்டி போல்ட் போட்டு இறுக்கினால் தீரும். கடற்கரைக் காற்று படும் ஊர்களில் இந்த இடங்களுக்கு வாசலின் தடவுவது நல்லது.

செல்ப் அடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் பியூஸைத் தேடிப் பயனில்லை. பாட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, இறுக்கிப் பார்க்க வேண்டும். மீட்டர் இருந்தால், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டும் பாட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். பல்ப் அடிக்கடி போவதற்கும் பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கும் அதுவே காரணம்.

ஒயரில் கை வைக்குமுன் பாடியோடு சேர்ந்த எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வருவது எரியக்கூடிய வாயு. பக்கத்தில் பீடி கூடாது.

கருவிப் பெட்டியில் ஒவ்வொரு அளவிலும் இரண்டு பியூஸ், இரண்டு பின்விளக்கு பல்ப், இன்சுலேஷன் டேப், மேலே சொன்ன சோதனை பல்ப் ஆகியவை இருந்தால் நடுவழியில் நிற்க நேராது. பாரம் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றவர் பின்னால் போய் விளக்கைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கலாம். கரும்புத் தோகை தொங்கி விளக்கை மூடியிருந்தால் அதையும் அப்போதே அறுத்துவிடலாம்.