கௌபாய் காலணி: வரலாறும் அமைப்பும்

மனிதன் அணியும் பொருள்களுள் அழகுக்கென்றே அமைந்தவை சில. தேவைக்கென அமைந்து பின்னர் அழகெனக் கொள்ளப்பட்டவை பல. அமெரிக்கத் திரைப்படங்களில் நாம் காணும் கௌபாய் காலணி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் உயர்ந்த குதியையும் பூவேலைப்பாட்டையும் காண்போர் ஆடம்பரப் பொருளென்றே எண்ணுவர். ஆயின், அது உயிர் காக்கும் கருவியாகவே பிறந்தது.

தோற்றம்

குதிரைமேல் அமர்ந்து மாடு மேய்க்கும் முறை ஸ்பெயின் நாட்டிலிருந்து மெக்சிகோவிற்கு வந்தது. அங்கு ‘வாக்கேரோ’ எனப்பட்ட ஆயர்களிடமிருந்தே டெக்சாஸ் மக்கள் இத்தொழிலைக் கற்றனர். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சாஸில் பெருகியிருந்த மாடுகளுக்கு வடபுல நகரங்களில் நல்ல விலை கிடைத்தது. 1867இல் கான்சாஸ் மாநிலத்து அபிலீன், மாடுகளை இரயிலேற்றும் சந்தையாயிற்று. மந்தைகளை அங்கு ஓட்டிச்செல்ல மாதக்கணக்கில் ஆயிற்று. அவ்வளவு நாளும் சேணத்தில் வாழ்ந்தோர்க்குச் சாதாரணக் காலணிகள் போதவில்லை. எனவே கான்சாஸ், டெக்சாஸ் பகுதிக் காலணித் தொழிலாளர், அவர்தம் தேவையறிந்து புதுவகைக் காலணி தைத்தனர். 1879இல் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்னும் டெக்சாஸ் சிற்றூரில் எச்.ஜே.ஜஸ்டின் தொடங்கிய தொழிலகம் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

அமைப்பு

குதிரை ஊர்வோன் தவறி விழுவது இயல்பு. விழும்போது அவன் கால் அங்கவடியில் சிக்கிவிட்டால், மிரண்ட குதிரை அவனைத் தரையோடு இழுத்துச் செல்லும், உயிரே போய்விடும். இவ்விடர் தவிர்க்கவே உள்நோக்கிச் சரிந்த உயர்குதி அமைந்தது. பாதம் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்துவிடாமல் அது தடுக்கும். வழுவழுப்பான தோலடி, கால் எளிதில் வெளிவர உதவும். கட்டும் கயிறு இல்லாமையால், காலணி சிக்கினும் காலை உருவிக்கொள்ளலாம்.

முழங்காலை நோக்கி உயர்ந்த மேற்பகுதி முட்செடியினின்றும் சேணவார் உராய்வினின்றும் காலைக் காக்கும். அதன்மீது வரிவரியாக ஓடும் தையல், தோல் மடிந்து சரியாமல் நிறுத்துவது. அதுவே நாளடைவில் பூவும் கொடியுமாக வளர்ந்தது. பாதவளைவின் கீழ் வைத்த எஃகுத் தகடு, அங்கவடியில் எழுந்து நிற்கையில் பாரம் தாங்கும். அவ்விடத்தில் மரமுளைகளை அடிப்பர். ஈரம் பட்டால் தோலோடு மரமும் விரிவதால் பிடிப்புத் தளர்வதில்லை.

மாற்றம்

முள்வேலியும் இரயில்பாதையும் பரவவே நெடுந்தொலைவு மந்தையோட்டம் மறைந்தது. காலணியோ திரைப்படத்தால் உலகெங்கும் பரவியது. பழங்காலணிகளின் முனை உருண்டையாகவோ சதுரமாகவோ இருந்தது. கூரிய முனை இருபதாம் நூற்றாண்டு நாகரிகத்தால் பரவியதாகும். கன்றின் பின்னே தரையில் ஓடவேண்டிய ரோடியோ வீரர்க்கெனத் தாழ்ந்த குதியுடைய ‘ரோப்பர்’ வகை தோன்றியது. தொழில் மாறியதும் குதியும் தாழ்ந்தது. 2007இல் டெக்சாஸ் மாநிலம் கௌபாய் காலணியைத் தன் அதிகாரப்பூர்வக் காலணியாக ஏற்றது.

இன்று குதிரையைத் தொட்டறியாதவரும் அதனை விரும்பி அணிகின்றனர். அவ்வுயர்குதியின் சரிவில், பெயர் தெரியாத ஆயர்களின் அச்சமும் காலணித் தொழிலாளரின் அறிவும் இன்றும் நிலைத்துள்ளன என்பதை அவர்கள் அறிதல் நன்று.