நெடுந்தீவில் ஒரு நாள்

மத்தியதரைக் கடலின் மால்ட்டாவுக்கும் சைப்பிரசுக்கும் சென்று மீண்டோர் எழுதும் பயணக் கதைகளை நம் மாணாக்கர் ஆர்வத்தோடு படிக்கின்றனர். நீலக்கடல், பழங்கோட்டை, கற்சுவர் சூழ்ந்த காணிகள் ஆகிய இவை யாவும் நம் வடகடலிலும் உண்டு. ஓமந்தையிலிருந்து விடியுமுன் வாகனத்திற் புறப்பட்டால், நெடுந்தீவை ஒரே நாளிற் கண்டு மீளலாம். மாணாக்கர் சிலரோடு நாம் அங்ஙனமே சென்று வந்தோம்.

கண்டி வீதி வழியே யாழ்ப்பாணத்தை அடைந்து, பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்தால் குறிகட்டுவான் துறை வரும். அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். நமக்கு உல்லாசமாகத் தோன்றும் இக்கடல்வழி, தீவு மக்களுக்கோ அன்றாடப் பாதை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பலர் இக்கடலிலேயே கொல்லப்பட்டனர். அலை கண்டு ஆரவாரிக்கும் இளைஞர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்குச் சூட்டி, டெல்ஃப்ற் என்றனர். வருவோர் விரைந்து காண்பன மூன்று: வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள், இடிந்த கோட்டை, உள்ளே ஆள் நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கமரம். குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சியின் எச்சம். கோட்டையும் அவர்கள் காலத்தது. பெருக்கமரமோ ஆபிரிக்க இனம்.

அங்ஙனமாயின் தீவு மக்களின் கைவண்ணம் யாது? வழிநெடுகத் தொடரும் கல்வேலிகளே அவை! காட்டுத்தடியும் ஓலையும் கொண்டு வேலி அடைக்கும் வன்னியாராகிய நமக்கு அவை பெருவியப்பு. அங்கே மண் சிறிது; முருகைக்கல் மிகுதி. அக்கல்லைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருந்த அடுக்கியுள்ளனர். இடுக்குகளினூடே கடற்காற்று புகுந்து செல்வதால் வேலி எளிதிற் சாய்வதில்லை. கால்நடையும் காணிக்குள் நுழைவதில்லை.

சாந்தின்றிக் கல்லடுக்கும் இத்தகைய கலை, சைப்பிரசு, கிரேக்கம், இத்தாலி முதலிய நாடுகளின் மரபுரிமையாக 2018 இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நம் வேலிகளை நாம் இன்னும் பெயர் சொல்லியும் போற்றவில்லை. ஒரு கல் பெயர்ந்தால் அடுத்ததும் சரியும்; எடுத்து அடுக்க ஆள் வேண்டும். போரும் நன்னீர்க் குறைவும் பலரைத் தீவினின்று பெயர்த்தன. உரியவர் இல்லாத காணிகளில் வேலியைத் தூக்கி நிறுத்துவார் யார்?

ஆதலின் செல்வோர்க்குச் சில சொல்வோம். குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். தீவின் நீர் தீவாருக்கே போதாது. வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொணருங்கள். வேலிமீது ஏறிப் படம் எடுக்க வேண்டா. நினைவுப்பொருளென ஒரு கல்லையும் எடுக்க வேண்டா. உணவைத் தீவுக் கடையிலேயே உண்ணுங்கள். அங்கே பிழைப்பு உள்ளவரையே மக்கள் இருப்பர். மக்கள் உள்ளவரையே வேலியும் நிற்கும்.