வலியில்லை என்று இருந்துவிடாதீர்கள்

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. எனக்கு எப்படி வரும்?" மார்பகப் புற்றுநோய் பற்றிய கலந்துரையாடல்களில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவரின் குரலில் பயத்தைவிட நிம்மதியே அதிகம். ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது, நேயர்களே.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். ஏறத்தாழ 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரக்கூடும். பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு காரணமாக இருப்பது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். நோய் கண்ட பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இது இருந்ததில்லை.

யாருக்கு அபாயம் கூடுதல்?

பெண்ணாய் இருப்பதும் வயது ஏறுவதுமே முதல் காரணங்கள். சிறு வயதிலேயே பூப்பெய்தியவர்கள், மாதவிடாய் தாமதமாக நின்றவர்கள் ஆகியோரின் உடலில் ஈஸ்ட்ரோஜன் நீண்டகாலம் வேலை செய்கிறது. அதனால் அபாயமும் கூடுகிறது. பிள்ளை பெறாதவர்களுக்கும் 30 வயதுக்குப் பிறகு முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும் சற்று அதிகம். இவற்றை மாற்ற முடியாது. ஆனால் மாதவிடாய் நின்றபின் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும், மதுவைத் தவிர்ப்பதும், உடற்பயிற்சி செய்வதும் நம் கையில் இருக்கின்றன. தாய்ப்பால் கொடுப்பதும் ஓரளவு பாதுகாப்புத் தரும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

மாதவிடாய் தொடங்கி ஒரு வாரம் கழித்து, மாதம் ஒருமுறை மார்பகத்தைத் தொட்டுப் பாருங்கள். புதிய கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்கட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் மேமோகிராம் காட்டிக்கொடுக்கும். இங்கு 2002ல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 50 வயதைத் தாண்டியவர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 40 முதல் 49 வயதுள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுத்து, ஆண்டுதோறும் செய்துகொள்ளலாம். படம் எடுப்பவர் பெண் ஊழியர்தான்; கூச்சம் வேண்டாம். மேல்பரிசோதனைக்கு அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை பெறும் 10 பேரில் 9 பேருக்குமேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கிறார்கள். நான்காம் கட்டத்தில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ 50 வயது ஆகிவிட்டதா? பலதுறை மருந்தகத்தில் நாள் குறித்துக் கொடுங்கள். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.