தலைப்புக்கு ஏற்ற குண்டு எழுத்து: பலூ தம்பி

நவராத்திரி கொலு அழைப்பிதழ், பிறந்த நாள் பேனர், டியூஷன் நோட்டீஸ் என எதைக் கம்ப்யூட்டரில் தயாரித்தாலும், எல்லா வரிகளும் ஒரே எழுத்தில் இருந்தால் ஆபீஸ் கடிதம் போலவே தெரியும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடை போர்டுகளைக் கவனியுங்கள். பெயர் தடித்த எழுத்தில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். மற்ற விவரங்கள் சாதாரண எழுத்தில் இருக்கும். இப்படித் தலைப்புக்கென்றே உருவாக்கப்படும் எழுத்துருக்கள் டிஸ்பிளே பாண்ட் எனப்படும்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் பலூ தம்பி. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் உருவாக்கியது. ஜங்கிள் புக் கதையில் வரும் கரடியின் பெயர்தான் பலூ. அதைப் போலவே எழுத்துகளும் கொழுகொழுவென, முனை மழுங்கி இருக்கும். மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு என இந்தக் குடும்பத்தில் உறவுகள் ஏராளம்.

எப்படி இன்ஸ்டால் செய்வது?

கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் பலூ என ஆங்கிலத்தில் தேடி, பலூ தம்பி 2 என்பதை டவுன்லோடு செய்யுங்கள். இலவசம்தான், கடை விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம். கிடைக்கும் ஜிப் பைலை விரித்து, ஸ்டாட்டிக் என்ற போல்டரைத் திறங்கள். ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து தடிமன்கள் இருக்கும். தேவையான பைலை டபுள் கிளிக் செய்து, இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள். வேர்டைத் திறந்திருந்தால் மூடிவிட்டு மீண்டும் திறக்கவும். இது யூனிகோட் எழுத்துரு. எனவே நீங்கள் வழக்கமாக யூனிகோடில் டைப் செய்யும் தமிழ் கீபோர்டே போதும்.

கவனிக்க வேண்டியவை

எக்ஸ்ட்ரா போல்டைத் தலைப்போடு நிறுத்துங்கள். ண, ஞ, இ போன்ற எழுத்துகளில் சுழி அதிகம். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் அச்சிட்டால் சுழிக்குள் உள்ள வெள்ளை இடம் அடைபட்டு, படிக்கச் சிரமமாகும். முகவரி, நேரம் ஆகியவற்றுக்கு ரெகுலர் அல்லது வேறு மெல்லிய எழுத்துருவே நல்லது.

தலைப்பு இரண்டு வரியானால், மேல் வரியின் ‘மு’, ‘து’ ஆகியவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் ‘கி’, ‘தீ’ மீது இடிக்கலாம். வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்.

அச்சகத்துக்குக் கொண்டு செல்லும்போது

பலரும் ஏமாறும் இடம் இதுதான். அச்சகக் கம்ப்யூட்டரில் பலூ தம்பி இல்லாவிட்டால், வேர்டு தானாகவே வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். வரிகள் நகர்ந்து, ஒரு பக்க அழைப்பிதழ் இரண்டு பக்கமாகலாம். அதனால் வேர்டு பைலுக்குப் பதிலாக, சேவ் அஸ் மூலம் பிடிஎப் ஆகச் சேமித்துக் கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். மொத்தமாக அச்சடிக்கச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு பிரதியை எடுத்து, தேதியையும் பெயர்களையும் சரிபார்த்துவிடுங்கள்.