கல்லணையும் கல்பனாவும்

கல்லணைக்கு வரும் தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு ஏற்றுவது, மிச்சத்தை எப்போது கொள்ளிடத்தில் தள்ளுவது என்ற கணக்கில்தான் குறுவையும் சம்பாவும் பிழைக்கின்றன. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையின் மூலையில், இரும்பு அலமாரிக்குள் பச்சை விளக்குகள் சிமிட்டும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் ஏறக்குறைய இதே வேலை.

சுவிட்சுக்கு முன்பு ஹப் இருந்தது. ஒரு கணினி அனுப்புவதை மற்ற எல்லாக் கணினிகளுக்கும் இறைக்கும், மடையில்லாத வாய்க்கால் அது. 1990-ல் பல போர்ட்டுகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து, எது எந்த போர்ட்டில் இருக்கிறதென்று அட்டவணை எழுதிக்கொண்டு, உரிய இடத்துக்கு மட்டும் அனுப்புவதே சுவிட்சின் சாமர்த்தியம்.

ஆனால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிய சுவிட்சுக்குப் பொதுவாக எல்லா பாக்கெட்டும், அதாவது எல்லாத் தரவுத் துண்டும், ஒன்றுதான். சினிமா பதிவிறக்கம் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. தொலைபேசிப் பேச்சோ ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் இயல்பாகக் கேட்கும். அதனால் குரல் பாக்கெட்டுகள் வழக்கமாக 46 என்ற எண்ணைச் சுமந்து வரும். அதைப் பார்த்து முன்வரிசையில் விடும்படி சுவிட்சை அமைக்கலாம்.

டெல்டாக்காரருக்குச் சட்டென்று விளங்கும் சிக்கல் இங்கேதான் வருகிறது. முன்வரிசை காலியான பிறகே அடுத்தது என்று கறாராக வைத்தால், நெரிசலில் பின்வரிசைக்குச் சொட்டும் வராது. தலைமடை வயல் வழிய, கடைமடையில் பயிர் கருகும் அதே கதை. பொறியாளர்கள் இதைப் பட்டினி என்றே சொல்கிறார்கள். மருந்தும் நமக்குப் பழகியதுதான்: தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து விடுவதுபோல, வரிசைகளுக்குப் பங்கு பிரித்து மாறி மாறித் திறப்பது, முன்வரிசைக்கும் ஓர் உச்சவரம்பு போடுவது.

வரம்பை மீறி வருவதை ஏரிபோல் தேக்கிச் சீராக விட்டால் அது ஷேப்பிங். அப்போதே வெளியே தள்ளினால் போலீசிங். கொள்ளிடத்தில் போன தண்ணீர் திரும்பாது. தள்ளப்பட்ட கோப்பின் துண்டையோ டிசிபி நெறிமுறை மறுபடி அனுப்பிவிடும். இந்த ஒப்புமை இங்கே உடைகிறது, நல்லவிதமாக.

சரி, ஷட்டர் சாவி யாரிடம்? ஒருவர் ஆயிரக்கணக்கான போலி மேக் முகவரிகளைக் கொட்டி அட்டவணையை நிரப்பிவிட்டால், புதிதாக எழுத இடமில்லாத சுவிட்ச் பழைய ஹப்பைப் போல எல்லோருக்கும் இறைக்கத் தொடங்கும். ஒட்டுக்கேட்பவருக்கு வேண்டியதும் அதுதான். ஒரு போர்ட்டில் இத்தனை முகவரிதான் என்று வரம்பு வைத்தால் இது நடக்காது. ஆனால் முகவரியையே ஒருவர் திருடிக்கொண்டு வரலாம். அதற்காகத்தான் 2001-ல் வந்த 802.1எக்ஸ் என்ற தரநிலை: கருவி தன்னை யாரென்று நிரூபிக்கும்வரை போர்ட் திறக்காது.

அன்றாடத் தொல்லை பெரும்பாலும் திருடரால் வருவதில்லை. வீட்டு வைஃபை ரூட்டரை யாரோ அலுவலகச் சுவரில் செருகுவார். அது கேட்டவர்க்கெல்லாம் தப்பான ஐபி முகவரியை வழங்கும். மாடி முழுக்க இணையம் நின்றுபோகும். கரையில் உடைப்பு எங்கே என்று நடந்து தேடுவதுபோல ஒவ்வொரு கேபிளாகத் தேட வேண்டியதுதான். டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கி, முகவரி வழங்கும் உரிமையை ஒரே ஒரு போர்ட்டுக்குக் கொடுத்திருந்தால், அந்த ரூட்டர் கத்திக்கொண்டே கிடக்கும். யார் காதிலும் விழாது.