தொண்டையை அடைக்கும் வீக்கம்!

திடீரென்று முகம் வீங்கும். உதடு தடிக்கும். தொண்டை வீங்கினால் மூச்சே நின்றுவிடும்!

பூச்சிக்கடி என்று நினைத்து அலர்ஜி ஊசி போடுவார்கள். வீக்கம் வடியாது. இது பரம்பரை நோய். ரத்தத்தில் 'பிராடிகினின்' என்ற பொருள் அளவு மீறி உண்டாவதால் வருவது.

அதை அடக்கும் ஊசி மருந்து 'இகாடிபான்ட்'. 2010-ம் ஆண்டு அதன் சோதனை முடிவு வெளியாயிற்று. 74 நோயாளிகளுக்கும் ஊசி, மாத்திரை இரண்டும் தந்தார்கள். 36 பேருக்கு ஊசியில் புது மருந்து. 38 பேருக்கு மாத்திரையில் பழைய மருந்து. யாருக்கு எது? டாக்டருக்கே தெரியாது! ஊசிக்காரர்களில் பாதிப்பேருக்கு 2 மணி நேரத்தில் குணம் தெரிந்தது. மாத்திரைக்காரர்களுக்கோ 12 மணி நேரம்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் இறங்கும்வரை தொண்டை காத்திருக்குமா? இந்த ஊசியைப் பழகிக்கொண்டால், வயிற்றுத் தோலில் தானே போட்டுக்கொள்ளலாம். தொண்டை வீக்கம் என்றால், போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் புறப்பட வேண்டும்.