பெண்கள் பள்ளியிற் கணிதம்



“கணக்குப் பெண்களுக்கு வராது” என்ற சொல்லை நான் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். பெற்றோர் சொல்வர், உறவினர் சொல்வர், சில வேளைகளில் மாணவிகளே சொல்வர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்த நான், அச்சொல் உண்மையன்று என்பதையும், அஃது எவ்வாறு உண்மைபோல ஆக்கப்படுகிறது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஈரான் நாட்டின் தலைநகராகிய டெஹ்ரானில் ஃபர்சானேகான் என்றொரு பெண்கள் பள்ளி உண்டு. ஈரான் - ஈராக் போர் முடிவுற்ற 1988-ஆம் ஆண்டையொட்டி, மரியம் மிர்சாகானி என்னும் சிறுமி அங்கே சேர்ந்தாள். 1977-இல் பிறந்த அவளுக்குக் கதை எழுதும் எழுத்தாளராக வேண்டும் என்பதே ஆசை. முதலாண்டில் அவள் கணிதத்திற் சிறக்கவில்லை. அவ்வாண்டின் ஆசிரியர் அவளிடம் திறமை இருப்பதாகவே கருதவில்லை. அவளும் ஆர்வம் இழந்தாள். அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியர் வந்தார், ஊக்கமளித்தார், அவள் முன்னேறினாள். மாணவியும் பாடமும் மாறவில்லை. ஆசிரியரின் நம்பிக்கையே மாறியது.

சில ஆண்டுகள் சென்றபின், ஒரு போட்டித் தேர்வின் கணக்குகள் ஆறு அவளுக்கும் அவள் தோழி ரோயா பெஹெஷ்டிக்கும் கிடைத்தன. பல நாள் முயன்று மூன்றை விடுவித்தார்கள். உடனே தலைமையாசிரியையிடம் சென்று, ஆண்கள் பள்ளியில் நடப்பது போன்ற பயிற்சி வகுப்பு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை ஈரானின் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் அணியிற் பெண்கள் இடம்பெற்றதில்லை. அதனை அந்த அம்மையார் ஒரு தடையாகக் கருதவில்லை, வகுப்பு நடந்தது. 1994-இல் ஹாங்காங்கில் 42-க்கு 41 மதிப்பெண்ணும், 1995-இல் கனடாவில் 42-க்கு 42-ம் பெற்று, இருமுறையும் மரியம் தங்கப்பதக்கம் வென்றாள். 1936 முதல் வழங்கப்பெற்றுவரும் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் முதன்முதலாகப் பெற்ற பெண்மணியும் அவரே. 2017-இல், நாற்பதாம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

இச்சிறுமியின் உள்ளத்தை முதலிற் கவர்ந்த கணக்கு யாது? 1 முதல் 100 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை. அவளுடைய அண்ணன் அதனைச் சொன்னான். 1-உம் 100-உம் சேர்ந்தால் 101. 2-உம் 99-உம் சேர்ந்தாலும் 101. இவ்வாறு 50 இணைகள். ஆகவே விடை 5050. நீண்ட உழைப்பைச் சிறிய எண்ணம் ஒன்று நீக்கிவிடுகிறது. கணிதத்தின் இன்பம் இதுவே.

இதற்கு இணையான ஓர் எண்ணத்தை நானும் ஒரு மாணவியிடம் கண்டேன், கண்டும் அறியாதிருந்தேன். நான் பணியிற் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பத்தாம் வகுப்புத் தேர்வில், முதல் 20 ஒற்றைப்படை எண்களின் கூடுதல் காண்க என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் சூத்திரம் எழுதாமல் புள்ளிகள் வைத்துக் காட்டியிருந்தாள். நீங்களும் ஒரு தாளில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒரு புள்ளி. அதன் வலப்புறம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என 3 புள்ளிகள் வைத்தால் இரண்டுக்கு இரண்டான சதுரம். அதைச் சுற்றி அவ்வாறே 5 வைத்தால் மூன்றுக்கு மூன்று. பின்னர் 7 வைத்தால் நான்குக்கு நான்கு. ஆகவே 20 ஒற்றைப்படை எண்களின் கூடுதல் 20 × 20, அதாவது 400.

வாசலில் 7 நேர்ப்புள்ளி, 1 வரை வைத்துக் கோலமிடும் பெண் அவள். அக்கோலத்தில் 1, 3, 5, 7 சேர்ந்து 16. எஞ்சிய 5, 3, 1 சேர்ந்து 9. மொத்தம் 25 புள்ளிகள் என்பதை விரல்களால் அறிந்திருந்தாள். நானோ, “கோலம் போடும் இடம் இதுவன்று, அம்மா” என்று வகுப்பறியச் சொல்லி விடையை அடித்துவிட்டேன். வகுப்புச் சிரித்தது. பதினோராம் வகுப்பில் அவள் கணிதம் இல்லாத பிரிவிற் சேர்ந்தாள். மரியத்திற்கு வாய்த்த அடுத்த ஆண்டு, என் மாணவிக்கு வாய்க்கவில்லை.

பேராசிரியரான பின்னரும் மரியம் தரையிற் பெரிய தாள்களை விரித்து, வளைவுகளை வரைந்தவண்ணமே சிந்திப்பாராம். அவருடைய சிறுமகள் அதனை ஓவியம் என்றே எண்ணியிருந்தாளாம். இச்செய்தியைப் படித்த அன்று நான் நெடுநேரம் உறங்கவில்லை.

பெண்கள் பள்ளியில் ஒரு நன்மை உண்டு. அங்கே கரும்பலகைக்கு முதலில் எழுந்து செல்பவளும் பெண். தவறு செய்து திருத்திக்கொள்பவளும் பெண். ஆயினும் பள்ளி கணிதப் பிரிவை நடத்தி, நல்லாசிரியரை அமர்த்தினாலன்றி அந்நன்மை கைகூடாது.

மாணவிகளே, விரைந்து விடை காண்பதே அறிவு என்று எண்ணாதீர்கள். மரியம் தம்மை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே கூறிக்கொண்டார். உங்கள் வழி புத்தகத்தில் இல்லாததாயினும் அதனை முழுமையாக எழுதுங்கள். வேண்டிய வகுப்பு இல்லையெனில் இருவர் மூவராகச் சென்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சி பெறவிருக்கும் இளைஞர்களே, விடைத்தாளிற் சிவப்புக் கோடு இடுமுன் ஒருமுறை நின்று படியுங்கள். நான் அன்று படிக்கவில்லை.